குடியிருப்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வி

நாட்டிங்ஹாம்
9 பிப்ரவரி 1987

அன்புள்ள மிஸ்டர் லிட்ஜெட் அவர்களுக்கு,

போன வாரம் நனைந்த குடையை உங்கள் கம்பளத்தின் மேலேயே வைத்துவிட்டு வந்தவள் நான்தான், டோரீன் டிரான்டர். ஸ்கெண்டில் கிராமத்து வீட்டை வாங்குவதற்கு நீங்களே என் வக்கீலாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன். சந்தோஷப்படுங்கள். உங்களுக்கு முன்னால் இரண்டு பேரைப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

முதல் ஆள் வீட்டுத் தரகர் கைகாட்டிய ஆள். “எல்லாத்தையும் நாங்க பாத்துக்கறோம் மேடம், நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க” என்றார். தரகரும் அவரும் ஒரே மாதிரி சிரித்தார்கள். விற்க அவசரப்படுகிறவரின் சிநேகிதர் வாங்குகிறவளுக்கு எப்படி வக்கீலாக இருப்பார்? இரண்டாவது இடத்தில் வக்கீலை நான் கண்ணாலேயே பார்க்கவில்லை. போன் செய்யும் போதெல்லாம் வேறு வேறு பெண் எடுத்து, முதலிலிருந்து சொல்லச் சொன்னாள்.

மூன்றாவதாக நீங்கள். மண்ணெண்ணெய் அடுப்பு நாற்றமும் அதுவுமாக ஓர் அறை. உங்கள் கட்டணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. “வீட்டைப் பாக்கப் போனப்ப கதவைத் திறந்தது யாரு?” என்று கேட்டீர்கள். இந்த மனுஷனுக்கு வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டே வெளியே வந்தேன். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது: அந்த வீட்டைப் பற்றி என்னிடம் ஒரு கேள்வியாவது கேட்டவர் நீங்கள் ஒருவர்தான்.

என் நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடச் சமையலறையில் காலமெல்லாம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கணவர் இல்லை. இருந்த வீட்டை விற்றுவிட்டு மகன் நைஜல் வீட்டில் இருக்கிறேன். மாடியில் இஸ்திரி மேஜைக்கும் சூட்கேஸ்களுக்கும் நடுவில் ஒரு கட்டில், அதுதான் என் அறை. மருமகள் க்ளெனிஸுக்கு ஜூலையில் குழந்தை பிறக்கிறது. தொட்டில் போட அந்த அறை வேண்டும். அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. சுவருக்கு மஞ்சள் நல்லதா பச்சை நல்லதா என்று என் கட்டிலருகே நின்றுகொண்டு கேட்கிறாள், அவ்வளவுதான். என் சாவியால் நான் திறக்கிற ஒரு கதவு எனக்கு வேண்டும் மிஸ்டர் லிட்ஜெட். வேறு ஆசை எதுவும் இல்லை.

உங்கள் கேள்விக்குப் பதில்: முதல் முறை தரகர் திறந்தார். இரண்டாம் முறை அந்த வீட்டு அம்மாள் திறந்தார். நல்ல மாதிரி. டீ கொடுத்தார்.

இப்படிக்கு,
டோரீன் டிரான்டர்


லிட்ஜெட் அண்டு க்ரேன், வழக்கறிஞர்கள்
13 பிப்ரவரி 1987

அன்புள்ள திருமதி டிரான்டர்,

உங்கள் கடிதம் கிடைத்தது. வேலையை ஏற்றுக்கொள்கிறேன். க்ரேன் இறந்து பல வருடங்களாகிவிட்டன, எனவே எல்லாக் கடிதமும் எனக்கே வரும். நான் மெதுவாகத்தான் வேலை செய்வேன் என்பதை இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். இரு பக்க ஒப்பந்தங்களும் கைமாறும் வரை அந்த வீடு உங்களுடையதும் அல்ல, விற்பவர் உங்களுக்குக் கடமைப்பட்டவரும் அல்லர். அதுவரை திரைச்சீலைத் துணி வாங்காதீர்கள். என்னிடம் வருகிற எல்லாப் பெண்களும் வாங்கிவிடுகிறார்கள்.

வழக்கமான வில்லங்கம் பார்க்கும் வேலையைத் தொடங்கிவிட்டேன். பாதை உரிமை, சாக்கடை, கடலரிப்பு எல்லாம் கேட்டு எழுதியாயிற்று. ஆனால் உங்கள் கடிதத்தின் கடைசி வரியில் நின்றுவிட்டேன்.

விற்பவர் மிஸ்டர் சக்டன். அவருடைய அத்தை இறந்து அவருக்கு வந்த வீடு அது. யாரும் குடியில்லாத காலி வீடு என்று அவர் தரப்பில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அப்படியானால் உங்களுக்கு டீ கொடுத்தது யார்?

இது வீண் விசாரணை அல்ல. பத்திரத்தில் பேர் இல்லாத ஒருவருக்கும், அவர் அந்த வீட்டில் உண்மையாகவே குடியிருந்தால், உரிமை இருக்கக்கூடும். வீடு கைமாறினாலும் அந்த உரிமை போகாது. புது வீட்டுக்காரர் தலையில்தான் வந்து உட்காரும். நம் சட்டத்தில் இதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. குடியிருப்பவரை நேரில் பார்த்து, “உங்களுக்கு இந்த வீட்டில் ஏதாவது உரிமை உண்டா?” என்று கேட்க வேண்டும். கேட்டும் அவர் சொல்லாவிட்டால், இருந்த உரிமையும் போய்விடும். அதனால்தான் கதவைத் திறந்தவரைப் பற்றி எல்லாரிடமும் கேட்கிறேன்.

அந்த அம்மாளைப் பற்றி நினைவிருப்பதையெல்லாம் எழுதுங்கள்.

தங்கள் உண்மையுள்ள,
ஆ. லிட்ஜெட்


நாட்டிங்ஹாம்
20 பிப்ரவரி 1987

அன்புள்ள மிஸ்டர் லிட்ஜெட் அவர்களுக்கு,

திரைச்சீலைத் துணி வாங்கியாகிவிட்டது. நீங்கள் கொஞ்சம் முன்னால் சொல்லியிருக்க வேண்டும்.

அந்த அம்மாள் விஷயம். தரகர் பன்னிரண்டு மணிக்கு வரச் சொல்லியிருந்தார். பஸ் சீக்கிரமே கொண்டுபோய் விட்டுவிட்டது. மழை. வீட்டுக்குள் வெளிச்சம் தெரிந்ததால் கதவைத் தட்டினேன். ஒல்லியான அம்மாள், சாம்பல் நிற ஸ்வெட்டர், தலைமுடியைப் பின்னால் இழுத்துக் கட்டியிருந்தார். “உள்ள வாங்க, ஏன் மழையில நிக்கறீங்க” என்றார். முன்னறையில் கணப்பு எரிந்தது. டீயும் சோம்பு போட்ட கேக்கும் கொடுத்தார். வீடு பார்க்க வந்தேன் என்றேன். “நல்ல வீடு. குளிர்காலத்துல மட்டும் வடக்குப் பக்கம் கொஞ்சம் காத்து வரும்” என்றார். மறைக்காமல் சொன்னாரே என்று எனக்குப் பிடித்துப்போனது.

கொஞ்ச நேரத்தில் வெளியே கார் சத்தம் கேட்டது. கோப்பைகளை எடுத்துக்கொண்டு அவர் சமையலறைக்குப் போனார். தரகர் சாவியால் கதவைத் திறந்துகொண்டு வந்து என்னைப் பார்த்ததும் வெலவெலத்துப்போனார்.

“நீங்க எப்படி மேடம் உள்ள வந்தீங்க?”

“அந்த அம்மா திறந்து விட்டாங்க.”

“எந்த அம்மா? இங்க யாருமே இல்லையே. கரண்ட்டக் கட் பண்ணியாச்சு, தண்ணிக் குழாயையும் மூடியாச்சு.”

சமையலறையில் போய்ப் பார்த்தோம். பின்கதவு வழியாகப் போய்விட்டார் போலிருக்கிறது. கணப்பும் அணைந்திருந்தது. கையை வைத்துப் பார்த்தேன், கல் மாதிரி குளிர்ந்து கிடந்தது. சின்ன நெருப்பாக இருந்திருக்கும். வீட்டைப் பார்த்துக்கொள்ள வருகிற பக்கத்து அம்மாளாக இருக்கும் என்று நினைக்கிறேன். தரகருக்குத் தன் தொழிலே தெரியவில்லை, வேறென்ன.

இதைப் போய்ப் பெரிதாக எடுத்துக்கொண்டு நாளைக் கடத்தாதீர்கள். க்ளெனிஸ் மஞ்சள் பெயிண்ட் டப்பாவை என் அறை வாசலில் கொண்டுவந்து வைத்துவிட்டாள்.

டோரீன் டிரான்டர்


லிட்ஜெட் அண்டு க்ரேன்
5 மார்ச் 1987

அன்புள்ள திருமதி டிரான்டர்,

விற்பவரின் வக்கீலுக்கு எழுதிக் கேட்டேன். “யாரும் குடியில்லை” என்று ஒரே வரியில் பதில் வந்தது. ஒரு வரிப் பதில் எனக்கு ஒத்துக்கொள்ளாது. ஆகவே செவ்வாய்க்கிழமை ஸ்கெண்டிலுக்கு நானே போனேன்.

வீடு பூட்டியிருந்தது. எதிரே வாத்து வளர்க்கும் ஓர் அம்மாள் வேலியருகே நின்றார். நீங்கள் எழுதிய அடையாளங்களைச் சொன்னேன். அவர் வாளியைக் கீழே வைத்துவிட்டார்.

“அது வெரிட்டி ஆர்மராட்ல? பெரியம்மா ஹெஸ்டர் சக்டனுக்குத் துணையா வந்தவ. அவங்க ரெண்டு பேரும் அந்த வீட்லயே கிழவியானாங்க. ‘எனக்கப்புறம் நீ சாகற வரைக்கும் இங்கதான் இருக்கணும்’னு பெரியம்மா எங்க எல்லார் முன்னாடியும் சொல்லுவாங்க. எழுதி மட்டும் வைக்கல. அவங்க போனதும் மருமகன்காரன் வந்தான். ‘உங்களுக்கு இங்க என்ன உரிமை’ன்னு கேட்டான். வெரிட்டிக்கு வாயே வராது, ரொம்ப மரியாதை பாக்கறவ. ‘எனக்கு ஒண்ணும் இல்லீங்க’ன்னுட்டா. முதியோர் இல்லத்துல கொண்டுபோய் விட்டான். அந்தக் குளிர் தாண்டல, போயிட்டா. அது ஆச்சு, ரெண்டு வருஷம்.”

நான் கேட்டதை அப்படியே எழுதியிருக்கிறேன். உங்கள் வக்கீலாக என் கருத்து: மிஸ் ஆர்மராட்டுக்கு இருந்தது வாழ்நாள் உரிமை மட்டுமே. கேட்டபோது சொல்லாததால் அது ஒருமுறை போயிற்று, இறந்ததால் மறுமுறையும் போயிற்று. சட்டப்படி இந்த வீட்டை நீங்கள் வாங்க எந்தத் தடையும் இல்லை.

வக்கீலாக இல்லாமல் சொல்வதானால், வேறு வீடு பாருங்கள். கட்டணம் வேண்டாம், உங்கள் ஃபைலை மூடிவிடுகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஆ. லிட்ஜெட்


நாட்டிங்ஹாம்
9 மார்ச் 1987

மிஸ்டர் லிட்ஜெட்,

எனக்கு வேண்டியது வக்கீல், பாதிரியார் இல்லை. செத்துப்போன ஒருத்தி எனக்கு டீ போட்டுக் கொடுத்தாள் என்கிறீர்களா? நான் குடித்தேன் ஐயா. சூடாக இருந்தது.

லீட்ஸிலிருந்து ஒரு ஜோடி அந்த வீட்டைக் கேட்கிறார்கள் என்று தரகர் மிரட்டுகிறார். அந்த முதல் ஆளிடம் கொடுத்திருந்தால் இந்நேரம் பாதி வேலை முடிந்திருக்கும் என்று க்ளெனிஸ் சாப்பாட்டு மேஜையில் நைஜலிடம் சொல்கிறாள், நான் அங்கேயே உட்கார்ந்திருக்கிறேன். என் மகன் தட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அவமானமாக இருக்கிறது.

அந்தக் கேள்வியைக் கேட்டால் போதும் என்று நீங்கள்தானே எழுதினீர்கள்? கேட்டுவிட்டு வருகிறேன். வியாழக்கிழமை தரகரிடம் சாவி வாங்கிக்கொண்டு போகிறேன்.

டோரீன் டிரான்டர்


நாட்டிங்ஹாம்
13 மார்ச் 1987

அன்புள்ள மிஸ்டர் லிட்ஜெட் அவர்களுக்கு,

போன கடிதத்தில் கொஞ்சம் துடுக்காக எழுதிவிட்டேன். மன்னிக்க வேண்டும்.

நல்ல வெயில். எல்லா ஜன்னலையும் திறந்தேன். முன்னறையில் நின்று, “இங்க யாராவது இருக்கீங்களா? இருந்தா, இந்த வீட்ல உங்களுக்கு ஏதாவது உரிமை உண்டா?” என்று சத்தமாகக் கேட்டேன். வெட்கமாக இருந்தது, தெருவில் போகிறவர்கள் என்ன நினைப்பார்கள்? பதில் இல்லை. எங்கேயும் ஒரு சத்தம்கூட இல்லை.

ஆக, கேட்டாயிற்று, யாரும் சொல்லவில்லை. தயவுசெய்து ஒப்பந்தத்தை முடியுங்கள்.

டோரீன் டிரான்டர்


லிட்ஜெட் அண்டு க்ரேன்
3 ஏப்ரல் 1987

அன்புள்ள திருமதி டிரான்டர்,

இன்று காலை ஒப்பந்தங்கள் கைமாறின. முன்பணமும் போய்ச் சேர்ந்தது. இனி விற்பவர் பின்வாங்க முடியாது, நீங்களும் முடியாது. கிரயம் முடிந்து சாவி கைக்கு வருவது மே முதல் தேதி. ஆனால் இன்றிலிருந்தே அந்த வீட்டில் உங்களுக்கு உரிமை உண்டு. தீப்பிடித்தால் நஷ்டமும் உங்களுக்குத்தான், எனவே இன்றே காப்பீடு செய்துவிட்டேன்.

ஒரு வேண்டுகோள். மே மாதம் வரை அங்கே போகாதீர்கள். காரணம் கேட்டால் என்னால் ஒழுங்கான காரணம் சொல்ல முடியாது.

உங்களுக்கு ஒரு கதவு கிடைத்ததில் எனக்கும் மகிழ்ச்சி.

தங்கள் உண்மையுள்ள,
ஆ. லிட்ஜெட்


நாட்டிங்ஹாம்
22 ஏப்ரல் 1987

அன்புள்ள மிஸ்டர் லிட்ஜெட் அவர்களுக்கு,

போகாதே என்றால் எந்தப் பெண் போகாமல் இருப்பாள்? ஜன்னல் அளவு எடுக்க வேண்டியிருந்தது. ஈஸ்டர் விடுமுறை முடிந்ததும் தரகரிடம் சாவி வாங்கிக்கொண்டு நேற்றுப் போனேன்.

பொய் சொல்ல மாட்டேன். அவர் இருந்தார்.

ஜன்னலோரத்தில் நான் நாற்காலி மேல் ஏறி நின்று அளந்துகொண்டிருந்தேன். திரும்பினால் கணப்பருகே நிற்கிறார். அதே ஸ்வெட்டர். பட்டப்பகல், வெளியே வாத்துகள் கத்துகின்றன. எனக்குப் பயம் வரவில்லை, அதுதான் ஆச்சரியம். பிறர் அலமாரியைத் திறந்து பார்க்கும்போது பிடிபட்ட மாதிரி கூச்சமாகத்தான் இருந்தது.

ரொம்பப் பணிவாகக் கேட்டார்: “தப்பா நினைச்சுக்காதீங்க. இந்த வீட்ல உங்களுக்கு ஏதாவது உரிமை உண்டா?”

நீங்களே சொல்லுங்கள். நாற்காலி மேல் செருப்புக் காலோடு நிற்கும்போது ஒருவர் இப்படிக் கேட்டால் யாருக்கானாலும் என்ன வாயில் வரும்? “ஐயோ, எனக்கா? அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. சும்மா பாக்க வந்தேன், மன்னிச்சுக்கோங்க” என்று சொல்லிவிட்டு இறங்கினேன். நாற்காலியைக் கைக்குட்டையால் துடைத்தும் வைத்தேன். அவர் தலையாட்டினார். அளவுநாடாவைச் சுருட்டி நிமிர்ந்து பார்த்தபோது அங்கே இல்லை.

பஸ்ஸில் வரும்போது எனக்கே சிரிப்பு வந்தது. சொந்த வீட்டுக்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்திருக்கிறேனே. க்ளெனிஸிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்லலாம் என்று தோன்றியது.

டோரீன் டிரான்டர்


லிட்ஜெட் அண்டு க்ரேன்
23 ஏப்ரல் 1987

அன்புள்ள திருமதி டிரான்டர்,

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர் உங்களிடம் கேட்டது என்னுடைய கேள்வி. வார்த்தைகூட மாறவில்லை. உங்களுக்கு உரிமை இருந்தது. கேட்டார்கள். நீங்கள் இல்லை என்று சொல்லிவிட்டீர்கள். உயிரோடிருப்பவர் எவரும் இதை வைத்து உங்களை வெளியேற்ற முடியாது, வழக்குப் போட்டால் நானே சிரித்துக்கொண்டே ஜெயிப்பேன். ஆனால் அவர் எந்த நீதிமன்றத்துக்கு வரப்போகிறார்?

அந்தப் பெண்மணி மரியாதைக்காக ஒரு வார்த்தை சொல்லி வீட்டை இழந்தவர். அந்தக் கேள்வி என்ன செய்யும் என்று அவருக்கு நம் இருவரையும் விட நன்றாகத் தெரியும்.

இரண்டு வழிகள். முன்பணத்தை விட்டுவிட்டு இந்த வீட்டைக் கைகழுவலாம். அதைத்தான் செய்யச் சொல்கிறேன். முடியாதென்றால், சாவி வாங்கிய அன்றே முன்னறையில் நின்று, “இது என் வீடு, எனக்கு இங்கே உரிமை உண்டு” என்று அவரைப் பார்த்துச் சொல்லுங்கள். மன்னிப்பு, தயவுசெய்து, தப்பாக நினைக்காதீர்கள் எதுவும் சேர்க்காதீர்கள்.

பதிலை உடனே எழுதவும்.

ஆ. லிட்ஜெட்


ஸ்கெண்டில்
8 ஜூன் 1987

அன்புள்ள மிஸ்டர் லிட்ஜெட் அவர்களுக்கு,

உங்கள் மூன்று கடிதங்களும் வந்தன. பதில் எழுத முடியவில்லை. எழுத உட்காருகிற மேஜை அவருக்கு வேண்டியதாக இருக்கிறது.

முன்பணத்தை விட்டுவிட்டு நான் எங்கே போவேன்? மஞ்சள் பெயிண்ட் அடித்தாகிவிட்டது. நைஜல் என் பெட்டிகளை வேனில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, “சூப்பர் இடம்மா” என்று சொல்லிவிட்டுப் போனான்.

நீங்கள் சொன்னபடி சொல்லத்தான் போனேன். முதல் நாளே. முன்னறையில் பின்னல் போட்டுக்கொண்டிருந்தார். “ஒரு நிமிஷம் தொந்தரவு பண்ணலாமா?” என்று ஆரம்பித்துவிட்டேன். ஆரம்பமே கெட்டுப்போயிற்று. வெயில் நன்றாக இருக்கிறது என்று பேசிவிட்டு வந்தேன்.

அவர் கெட்டவர் இல்லை. அதட்டியதே இல்லை. ஆனால் காலையில் என் பாத்திரங்கள் கீழ்த்தட்டுக்குப் போயிருக்கும். முன்னறையில் மாட்டிய என் திரைச்சீலைகள் மடித்துப் படிக்கட்டில் வைத்திருக்கும், அழகாக, ஓரம் ஓரத்தோடு சேர்த்து. பெரிய படுக்கையறையில் இரண்டு இரவுதான் படுத்தேன். பிறகு கட்டிலில் என் பக்கம் எப்போதும் ஈரமாக இருந்தது. மாடியில் வடக்குப் பக்கம் சாமான் வைக்கிற ஒரு சின்ன அறை இருக்கிறது. இப்போது அங்கே படுக்கிறேன். யாருக்கும் இடைஞ்சல் இல்லை.

பால்காரர் என்னைப் பார்த்து, “மிஸ் ஆர்மராட் இருக்காங்களா?” என்று கேட்டார். புது ஆள், அவருக்கு எதுவும் தெரியாது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? “இருங்க, கேட்டுச் சொல்றேன்” என்றேன்.

கொஞ்சம் பயமாக இருக்கிறது மிஸ்டர் லிட்ஜெட். இதை உங்களிடம் மட்டும்தான் சொல்கிறேன்.

டோரீன் டிரான்டர்


லிட்ஜெட் அண்டு க்ரேன்
19 ஜூன் 1987

அன்புள்ள டோரீன்,

பேர் சொல்லி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நேற்று வந்தேனே, உங்களுக்கு நினைவிருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் நடந்ததை எழுதுகிறேன்.

காலை பதினோரு மணி. கதவைத் தட்டினேன். சாம்பல் நிற ஸ்வெட்டர் போட்ட ஒரு பெண்மணி திறந்தார். என் தொழிலில் பல வீட்டு வாசல்களில் நின்று கேட்ட கேள்விதான். நேற்றும் கேட்டேன்: “அம்மா, இந்த வீட்ல உங்களுக்கு என்ன உரிமை?”

“ஹெஸ்டர் என்னை இங்கயே இருக்கச் சொல்லியிருக்கா. எனக்குத்தான் உரிமை” என்றார். தயங்கவே இல்லை. உயிரோடிருந்தபோது வராத வாய் இப்போது வந்துவிட்டது.

“வேற யாரு இருக்காங்க?”

“யாருமில்லையே. வீடு பாக்க ஒரு அம்மா வந்தாங்க. நல்ல மாதிரி. போயிடுவாங்க.”

அவருக்குப் பின்னால், படிக்கட்டில், துடைக்கிற துணியோடு நீங்கள் நின்றீர்கள். இளைத்துப்போயிருந்தீர்கள். டோரீன் என்று கத்தினேன். திரும்பிப் பார்த்தீர்கள். “மன்னிச்சுக்கோங்க, அவங்ககிட்ட கேளுங்க. நான் இந்த வீட்டுக்காரி இல்லை” என்றீர்கள். கதவு சாத்திக்கொண்டது. நான் தட்டினேன், கத்தினேன், எதிர்வீட்டு அம்மாள் வந்து என்னைப் பிடித்து உட்கார வைத்தார். “பூட்டின வீட்டைப் போட்டு ஏன் தட்டறீங்க?” என்று கேட்டார்.

நான் கதவைத் திறந்தது யார் என்று கேட்டுக் கேட்டே பேர் வாங்கியவன். கேட்டால் போதும், வேலை முடிந்தது என்று நினைத்திருந்தேன். சொல்லத் தெரியாதவர்களை அந்தக் கேள்வி என்ன செய்யும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

உங்கள் பேருக்குப் பதிவான சான்று என் மேஜையில் இருக்கிறது. அது கிடக்கட்டும். என் தங்கை வீட்டில் ஒரு நல்ல அறை காலியாக இருக்கிறது, தெற்குப் பக்கம். அவளிடம் பேசிவிட்டேன். சனிக்கிழமை காரோடு வருகிறேன். நீங்கள் எதுவும் சொல்ல வேண்டாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தால் போதும்.

ஆப்ரி லிட்ஜெட்


மிஸ் ஆர்மராட் வீடு
ஸ்கெண்டில்
ஜூலை

அன்புள்ள ஆப்ரி,

சனிக்கிழமை நீங்கள் வந்ததைப் பார்த்தேன். அதற்கு மறுவாரமும் வந்தீர்கள். சாயங்காலம் வரை காரிலேயே உட்கார்ந்திருந்தீர்கள், பாவம். உங்கள் தங்கைக்கு என் நன்றியைச் சொல்லுங்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இப்போது பயம் இல்லை. அவர் என்னைப் போகச் சொல்லவில்லை. “உங்களுக்கு இடம் இல்லேன்னா பரவால்ல, இருந்துக்கோங்க” என்று போன வாரம் சொன்னார். நைஜல் வீட்டில் அத்தனை மாதம் இருந்தேன், அந்த ஒரு வார்த்தையை யாரும் சொல்லவில்லை. கேட்டதும் சமையலறையில் நின்று அழுதுவிட்டேன். அந்தச் சான்றை இங்கே அனுப்ப வேண்டாம். அவர் பார்த்தால் வருத்தப்படுவார்.

நேற்று நைஜலும் க்ளெனிஸும் வந்தார்கள். குழந்தை பிறந்துவிட்டது ஆப்ரி! பெண் குழந்தை. வெள்ளைச் சால்வையில் சுற்றியிருந்தாள். நான் முன்னறை ஜன்னலில் நின்று கையை ஆட்டினேன். நைஜல் கண்ணாடியில் முகத்தை ஒட்டி வைத்து உள்ளே பார்த்தான். அவன் மூச்சு கண்ணாடியில் படிந்தது. என் முகத்துக்கு நேரே அவன் முகம்.

“அம்மா இல்ல போலிருக்கு. ஒரு சாமான்கூட இல்ல, தூசியா கிடக்கு” என்றான்.

க்ளெனிஸ்தான் ஆச்சரியம். அவள் அழுதாள். “இன்னொரு தடவை தட்டிப் பாருங்க. குழந்தைக்கு அவங்க பேரு வச்சிருக்கோம்னு சொல்லணும்” என்றாள். தட்டினான். ரொம்ப நேரம் தட்டினான்.

நான் கதவுக்குப் பக்கத்திலேயே நின்றேன். தாழ்ப்பாள் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. குழந்தை சிணுங்குகிற சத்தம் கேட்டது. மிஸ் ஆர்மராட் மாடியில் தூங்கிக்கொண்டிருந்தார், எழுப்ப மனம் வரவில்லை. அவரைக் கேட்காமல் அவர் வீட்டுக் கதவை நான் எப்படித் திறப்பேன்?

அன்புடன்,
டோரீன்